வாத்து மூக்குக் கத்தரி வாங்கலாமா

போன வாரம் நான் தையல் கூடத்துக்கு வந்தபோது உங்களில் ஒருத்தி போனில் படம் காட்டினாள். எம்பிராய்டரிக்கென்றே செய்த கத்தரிகள். ஒன்று கொக்கு உருவத்தில் தங்க நிறம். ஒன்று நுனி வளைந்தது. இன்னொன்றில் ஒரு பக்க அலகு வாத்து மூக்கு மாதிரி அகலமாக இருந்தது.

"அக்கா, இதெல்லாம் வாங்கினா பிரயோஜனம் உண்டா, இல்ல சும்மா ஷோவா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் கூடத்தில் ஒன்று நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அன்று பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கடைக்கார லாத்தாவும் ரொம்ப நாளாகச் சொல்கிறார். அதனால் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

கத்தரி வாங்கலாம். என் பதில் அதுதான். ஆனால் பத்து வருடம் நான் வேறு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் நிக்கோபாரில் கட்சால் தீவுக்காரி. அங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற குடும்பம். பதினைந்து வயதில் நானும் கத்தி பிடித்தேன். ரப்பர் மரத்தில் பட்டையை மட்டும் சீவ வேண்டும். உள்ளே இருக்கிற மரத்தில் கத்தி படக்கூடாது. பட்டால் அந்த இடம் முடிச்சு விழும், பிறகு பால் தராது. மேல் தோலை எடு, கீழே தொடாதே. இருபது வருடம் இந்த ஒரு வேலைதான்.

சுனாமி அலைக்குப் பிறகு கட்சாலில் எங்களுக்கு வீடு இல்லை. போர்ட் பிளேருக்கு வந்தோம். லாத்தா அப்போதுதான் கடை வைத்திருந்தார். ஆரி வேலை, கவுன், பிளவுஸ், எல்லாம் எடுப்பார். எனக்குத் தையல் தெரியாது. கூட்டிப் பெருக்க வந்தேன்.

ஒரு நாள் ஒரு கவுனில் வேலை நடந்துகொண்டிருந்தது. நெட் துணி மேல் சாட்டினை வைத்து, பூ வடிவில் தையல் ஓட்டியிருந்தார்கள். பூவுக்கு வெளியே இருக்கிற சாட்டினை வெட்டி எடுக்க வேண்டும். கீழே நெட் அப்படியே நிற்க வேண்டும். அப்போது இருந்த மாஸ்டர் இரண்டு இடத்தில் நெட்டையும் சேர்த்து வெட்டிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் விளக்குமாற்றைக் கீழே வைத்தேன். அரை பிளேடு கேட்டேன்.

மேல் தோலை எடு, கீழே தொடாதே. எனக்குத் தெரிந்த வேலைதான் அது.

அன்றிலிருந்து கட்டிங் மேஜை எனக்கு. ஷேவிங் பிளேடை இரண்டாக உடைத்து, பாதியை மூங்கில் பிடியில் செருகி நூல் கட்டுவேன். இடது ஆள்காட்டி விரலை நெட்டுக்குக் கீழே வைப்பேன். பிளேடு மேலே நடக்கும், விரல் கீழே நடக்கும். எவ்வளவு ஆழம் போகிறது என்று விரல் சொல்லும். பத்து வருடம். ஒரு நெட்டில் ஓட்டை போட்டதில்லை. மாஸ்டர் ஊருக்குப் போனதும் லாத்தா கூடத்தை என் பொறுப்பில் விட்டார்.

அப்போது நான் கூடத்தில் இரண்டு சட்டம் வைத்தேன். ஒன்று, கட்டிங்குக்குப் பிளேடுதான். கை பழக வேண்டும், கத்தரி கையைக் கெடுக்கும். இரண்டாவது, ஊசி குத்தினால் முதலில் துணியைப் பார். ரத்தம் பட்டிருந்தால் உடனே அதன் மேல் உன் எச்சிலை வை. அவரவர் ரத்தக் கறைக்கு அவரவர் எச்சில். தண்ணீரில் போகாதது அதில் போகும். காய்வதற்குள் வைக்க வேண்டும். இது தொழிலில் எல்லாரும் செய்கிறதுதான். நான் அதற்கு ஒரு வாக்கியம் சேர்த்தேன். விரல் ஆறும், துணி ஆறாது. புதிதாக வந்த எல்லாரிடமும் முதல் நாளே இதைச் சொல்வேன்.

அப்படி இருந்த கூடத்துக்குத்தான் ஞானம் வந்தாள்.

இப்போது கட்டிங் மேஜையில் இருக்கிறாளே, அதே ஞானம். லாங் ஐலண்டிலிருந்து வந்தாள். என்னைவிட மூன்று வயது சின்னவள். பெற்றவர்கள் திருநெல்வேலிப் பக்கம். அவள் வாயும் அந்தப் பக்கம்தான். நான் ஒரு வார்த்தை பேசினால் அவள் பத்து பேசுவாள்.

நீங்கள் அவளைக் கட்டிங்கில் மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். அவள் ஆரிக்காரி. ஆரியில் வலது கை மேலே ஊசியைப் பிடிக்கும். இடது கை துணிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், ஊசிக்கு நூல் கொடுக்கும். வேலை எல்லாம் அந்த இடது கையில்தான். அவள் உட்கார்ந்தால் மேலே பேச்சு நடக்கும், கீழே கை நடக்கும், இரண்டும் நிற்காது. மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு கல்யாணப் பார்ட்டி அவள் வேலையைப் பார்த்துவிட்டு மிஷினா என்று கேட்டார்கள். "மிஷினுக்கு இம்புட்டு வாய் இருக்குமாம்மா?" என்றாள் ஞானம்.

ஒரு நாள் அவளுக்குப் பார்சல் வந்தது. ஒரு மாதம் காத்திருந்து வந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் பிரித்தாள். வாத்து மூக்குக் கத்தரி. ஒரு அலகு சாதாரணம், ஒரு அலகு பரந்தது.

"எக்கா, இங்ஙன பாரு. இந்த அகல மூக்கு நெட்டை அமுக்கிக்கிடும். சின்ன மூக்கு சாட்டினை மட்டும் கடிக்கும். நெட்டு மேல படவே படாதாம்."

"யாரு சொன்னா?"

"வீடியோவுல ஒரு பொம்பள சொல்லுதா."

"அவ கட்சால்ல பால் வெட்டியிருக்காளா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஞானமும் சிரித்தாள்.

"எக்கா, உன் கை மரம் வெட்டுன கை. எங்க கை மீன் கழுவுன கை. எங்களுக்குக் கத்தரி வேணும்லா."

"கத்தரி புடிச்சா கை சோம்பேறியாயிரும். கூடத்துல இது வேணாம்."

"ஒரு தடவ வெட்டிப் பாரேன்."

"வேணாம்னேன்."

அப்போது லாத்தா வந்தார். கத்தரியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தானே புள்ள இருக்கு" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. நான் பேசாவிட்டால் என்ன அர்த்தம் என்று லாத்தாவுக்குத் தெரியும். "சரி, கட்சால்காரி சொல்றபடி செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கத்தரியை வாங்கி என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். போகும்போது வாங்கிக்கொள் என்றேன். அவள் சாயங்காலம் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. ரோசக்காரி. நானும் கொடுக்கவில்லை. சாவி என் இடுப்பில் இருந்தது. அப்படி எட்டு மாதம் கிடந்தது.

அது வெளியே வந்த நாளுக்கு வருகிறேன்.

ஹேவ்லாக் தீவில் ஒரு பெண்ணுக்கு மறுநாள் காலையில் சர்ச்சில் கல்யாணம். வெள்ளை நெட் கவுன். கீழ்விளிம்பு முழுக்க சாட்டின் பூ. இரண்டு மணி போட்டில் ஏற்ற வேண்டும். பெண்ணின் சித்தப்பா இங்கே படகுத்துறையில், ஜெட்டியில், வந்து நிற்பார். கடலில் காற்று ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் போட் ஓடாது என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். இரண்டு மணியை விட்டால் கவுன் போய்ச் சேராது.

காலை ஒன்பதரைக்கு இன்னும் மூன்று கை நீளம் கட்டிங் பாக்கி. நான் ஒருத்தி முடிக்க முடியாது. ஞானத்தின் ஆரி வேலை முடிந்துவிட்டது. அவளைக் கூப்பிட்டு மேஜையின் மறுபக்கம் உட்கார வைத்தேன்.

உட்கார்ந்ததும் கேட்டாள். "எக்கா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அந்தக் கத்தரியத் தா. எனக்குப் பிளேடு அவ்வளவு பழக்கமில்ல. கல்யாணத் துணி. பயமா இருக்கு."

அவள் எப்போதும் கிண்டலாகத்தான் பேசுவாள். அன்று கிண்டல் இல்லை. அது எனக்குக் கேட்டது. கேட்டும், "பயப்படாம வெட்டு" என்றேன்.

புது பிளேடு ஒன்றுதான் இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன். அவளுக்கு முந்தின நாள் பிளேடைக் கொடுத்தேன். நம் ஊரில் இரும்பு ஒரு ராத்திரி தாங்காது. உப்புக் காற்று. அந்தப் பிளேடின் ஓரத்தில் துரு பொட்டுப் பொட்டாக வந்திருந்தது. தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் துடைத்தேன். துரு பாதி போனது. பிடியிலும் எண்ணெய் பட்டது. "இன்னைக்குத் தாங்கும்" என்று சொல்லி அவள் கையில் வைத்தேன்.

இந்தத் தீவில் எல்லா வீட்டிலும் இதைத்தான் செய்வோம். கத்தி, பூட்டு, கீல், எது துரு பிடித்தாலும் தேங்காய் எண்ணெய். கத்திக்குச் சரி. பிளேடுக்குச் சரியில்லை. துருப் பொட்டு துணியில் சிக்கும். சிக்கினால் கை தானாக அழுத்தும். அழுத்தினால் சட்டென்று விடும். விடும்போது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பால் வெட்டுகிற எனக்கு இது தெரியாதா? தெரியும். மரத்தில் என்றால் யோசித்திருப்பேன்.

அரை மணி நேரம் ஒழுங்காகப் போனது. கரண்ட் போனது. ஃபேன் நின்றது. கை வேர்த்தது. நான் நிமிரவில்லை.

ஞானம் கத்தவில்லை. "எக்கா" என்றாள். அவ்வளவுதான்.

நிமிர்ந்தேன். பிளேடு சாட்டினைத் தாண்டி, நெட்டைத் தாண்டி, கீழே இருந்த அவள் இடது விரலில் இறங்கியிருந்தது. வெள்ளை நெட்டில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. நெட்டில் ரத்தம் சொட்டாக நிற்காது. கட்டம் கட்டமாக ஓடும்.

நான் முதலில் பார்த்தது துணியை.

இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. இன்னொரு முறை எழுதுகிறேன். நான் முதலில் பார்த்தது துணியை. அவள் விரலை இல்லை.

பிறகு செய்தது அதைவிட மோசம். துணியை அவள் கைக்கு அடியிலிருந்து உருவினேன். கறை பட்ட இடத்தைச் சுருட்டிப் பிடித்து, அவள் வாய்க்கு நேராகக் கொண்டுபோனேன்.

"துப்பு" என்றேன். "சீக்கிரம். காயறதுக்குள்ள."

அவள் முகம் வெளுத்திருந்தது. மடியில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. வலது கையால் இடது விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். வாய் காய்ந்துபோயிருந்தது போல. நாக்கைச் சுழற்றி எச்சில் சேர்த்தாள். துப்பினாள். மறுபடி சேர்த்தாள். மறுபடி துப்பினாள். நான்கு முறை.

வாசலில் லாத்தா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

"ஏ புள்ள" என்றார். "நீ என்ன மனுசியா?"

அவர் அப்படி என்னிடம் பேசியதே இல்லை. தன் முந்தானையைக் கிழித்துவிடுவது போல இழுத்து ஞானத்தின் விரலில் சுற்றினார். அவளைத் தூக்கி நிறுத்தினார். ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் வருவேன் என்று எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"போட்டு ரெண்டு மணிக்கு" என்றேன்.

அவர் ஞானத்தை அணைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

உங்களில் சிலர் நினைக்கலாம், யாராவது ஒருவர் துணியைப் பார்க்கத்தானே வேண்டும் என்று. ஒரு பெண்ணின் கல்யாணம். நானும் பல நாள் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது சரிதான். நான் கூடத்திலேயே இருந்தது தப்பில்லை. துணியை வாய்க்கு நேராகப் பிடித்ததுதான் தப்பு. இரண்டும் வேறு.

மற்றவர்களை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அனுப்பிவிட்டேன். கூடத்தில் நான் மட்டும். மணி பத்தரை. கறையைப் பார்த்தேன். போயிருந்தது. மஞ்சளாக ஒரு நிழல்கூட இல்லை. நெட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். அதன் மேல் ஒரு சாட்டின் இலையை வைத்துத் தைத்தேன். அப்புறம் பாக்கி கட்டிங். இரண்டு கை நீளத்துக்கு மேல் இருந்தது.

பிளேடை எடுத்தேன். பதினைந்து வயதிலிருந்து வெட்டுகிற கை. பிளேடு துணியில் நிற்கவில்லை.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து இழுப்பறையைத் திறந்தேன்.

கத்தரி அது வந்த காகிதத்திலேயே இருந்தது. உள்ளே கட்டை விரல் அளவு ஒரு ஈரம் உறிஞ்சும் பொட்டலம். எட்டு மாதத்தில் ஒரு துரு இல்லை. அகலமான அலகை நெட்டின் மேல் படுக்க வைத்தேன். சாட்டினைக் கொஞ்சம் தூக்கி வெட்டினேன்.

என்ன சொல்ல. வெட்டிக்கொண்டே போனது. அகல மூக்கு நெட்டைக் கீழே தள்ளிவிட்டது. சின்ன மூக்கு தையலை ஒட்டிச் சாட்டினை மட்டும் எடுத்தது. என் கை நிதானத்தில் இல்லை, ஆனாலும் நெட்டில் படவில்லை. ஒரு பூ, இரண்டு பூ, பத்து பூ. ஞானம் அன்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னது ஒரு எழுத்து பிசகாமல் நிஜம்.

பாதி விளிம்பு முடிந்தபோதுதான் கவனித்தேன். என் இடது கை மடியில் சும்மா கிடந்தது. துணிக்கு அடியில் விரல் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கத்தரி இருந்திருந்தால் ஞானத்தின் விரல் அந்த இடத்தில் இருந்திருக்காது.

வெட்டுவதை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் முடித்தேன். அதற்குள் கரண்ட் வந்திருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு இஸ்திரி போட்டு மடித்துவிட்டேன். ஜெட்டியில் அந்தச் சித்தப்பா கவுனை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். "பகுத் அச்சா, தீதி" என்றார், ரொம்ப நன்றாக இருக்கிறது அக்கா என்று. போட் கிளம்பியது. அந்தப் பெண்ணின் கல்யாணப் படம் கடையில் மாட்டியிருக்கிறது. சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே இடது பக்கம் ஒரு இலை மட்டும் மற்ற இலையைவிடப் பெரிதாக இருக்கும். பாருங்கள்.

ஜெட்டியிலிருந்து நேராக ஆஸ்பத்திரி. முதலில் இருந்த நர்ஸ் காயத்தைக் கழுவிக் கட்டியிருந்தார். பெரிய டாக்டர் மூன்று மணிக்கு வந்தார். ஹிந்திக்காரர். கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"கைசே கடா?" என்றார். எப்படி வெட்டுப்பட்டது என்று.

நான் வாயைத் திறந்தேன். ஞானம் முந்திக்கொண்டாள்.

"மச்லி, சார். கர் மே மச்லி காட்தே டைம்."

வீட்டில் மீன் வெட்டும்போதாம். டாக்டர் விரலைத் திருப்பிப் பார்த்தார். கோடு போட்டது போல நேரான வெட்டு. மீன் கத்தி அப்படி வெட்டாது. அவருக்கும் தெரியும்.

"கோன்சி மச்லி?" என்றார். எந்த மீன் என்று.

"சுர்மை, சார்." வஞ்சிரமாம்.

அவர் என்னைப் பார்த்தார். லாத்தாவைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் மேலே கேட்கவில்லை. நரம்பு அறுந்திருக்கிறது, சேர்த்துத் தைக்கிறேன், மடங்குமா என்று சொல்ல முடியாது, உணர்ச்சி வருமா என்றும் சொல்ல முடியாது என்றார். தைக்கும்போது திரை போட்டார்கள். திரை இடுக்கில் அவர் கை தெரிந்தது. ஒவ்வொரு தையலுக்கும் நூலை நறுக்கினார். சின்னக் கத்தரி. நுனி வளைந்தது. பக்கத்துத் தட்டில் இன்னும் ஏழெட்டுக் கத்தரி, ஒன்று மாதிரி ஒன்று இல்லை. விரல் தைக்கிறவர் இத்தனை கத்தரி வைத்திருக்கிறார். கத்தரி கையைக் கெடுக்கும் என்று நான் கூடத்தில் சட்டம் போட்டவள்.

வெளியே பெஞ்சில் லாத்தா என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

ஞானத்தை வார்டுக்குக் கொண்டுவந்ததும் பக்கத்தில் போய் நின்றேன். மயக்க ஊசியில் கண் சொருகியிருந்தது. என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது. குனிந்தேன்.

"எக்கா, கறை போச்சா?"

அவள் முதலில் கேட்டது அதை. விரல் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. போச்சு என்று தலையை ஆட்டினேன். வெளியே வந்தேன். நான் சொல்லிக் கொடுத்தது அப்படியே அவள் வாயிலிருந்து வந்தது.

ஏன் மீன் என்று சொன்னாய் என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். "கேஸு கீஸுன்னு ஆனா லாத்தாவுக்குச் செரமம்லா. உனக்கும்தான்" என்றாள். அதோடு விட்டுவிட்டாள். நானும் விட்டுவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். கத்தரியையும் இழுப்பறைச் சாவியையும் அவள் முன்னால் வைத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"சாவி எனக்கெதுக்கு? கத்தரி போதும்" என்றாள்.

ஆரிச் சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். இடது கையைத் துணிக்கு அடியில் விட்டாள். அந்த விரல் மடங்கவில்லை. நூல் விரலில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. குனிந்து குனிந்து அடியில் பார்த்தாள். அடியில் பார்த்துப் பார்த்து ஆரி போட முடியாது. நடுவிரலில் பழகிப் பார்த்தாள். மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அவள் பேசவில்லை. கூடமே அவள் பேச்சுக்காகக் காத்திருந்தது போல இருந்தது.

பிறகு ஒரு நாள் எழுந்து லாத்தாவிடம் போனாள். "எனக்குக் கட்டிங் குடுங்க லாத்தா" என்றாள். அன்றே நான் கட்டிங் மேஜையை விட்டு எழுந்தேன். அந்த மேஜை இழுப்பறைக்கு அதற்குப் பிறகு பூட்டு கிடையாது.

அவளிடம் விரலைப் பற்றிக் கேட்டால் மீன் என்பாள். உங்களிடமும் சொல்லியிருப்பாள். ஒருத்தியிடம் சுர்மை, இன்னொருத்தியிடம் சூரை. போன வருடம் ஒருத்தியிடம் சுறா என்று சொன்னாளாம், சுறாவைக் கடித்தது தான்தான் என்றும் சொன்னாளாம். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் அங்கே இருந்தேன். மீன் மாறும். விரல் மாறாது.

கத்தரி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கொக்குக் கத்தரி வேண்டாம். தங்க முலாம் ஒரு மழைக்காலத்தில் உரிந்துவிடும், உள்ளே இரும்பு. பார்க்க அழகு, இங்கே ஆகாது. வாத்து மூக்கு வாங்குங்கள். துருப்பிடிக்காததா என்று கேட்டு வாங்குங்கள். நுனி வளைந்தது ஒன்று, நூல் நறுக்க. இந்த இரண்டு போதும். ஜரிகையை அதில் வெட்டாதீர்கள், கூர் போய்விடும். காகிதமும் வேண்டாம். வேலை முடிந்ததும் துடைத்து, மாத்திரை டப்பாவில் வருமே, அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். எண்ணெய் போட்டால் மிஷின் எண்ணெய். மறுநாள் முதலில் கழிவுத் துணியில் நான்கு வெட்டு வெட்டிவிட்டு நல்ல துணிக்கு வாருங்கள். முதல் சம்பளத்தில் வாங்க முடியாதவர்கள் லாத்தாவிடம் கேளுங்கள். தருவார். யாருடைய கத்தரியையும் யாரும் வாங்கிப் பூட்டக்கூடாது.

கத்தரி இருந்தாலும் கை வெட்டுப்படலாம். அதற்காகத்தான் போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

போனில் படம் காட்டினாளே, அப்போது பின்னால் ஆரிச் சட்டத்தில் ஒருத்திக்கு ஊசி விரலில் ஏறியது. "ஸ்" என்றாள். நான்கு தலை குனிந்தது. நான்கும் துணியைப் பார்த்தது. "பட்டுடுச்சா? துப்பு, துப்பு, காயறதுக்குள்ள" என்றாள் ஒருத்தி. "விரல் ஆறும், துணி ஆறாது" என்றாள் இன்னொருத்தி. வந்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவள். என் குரலைக்கூட அவள் சரியாகக் கேட்டதில்லை. என் வாக்கியம் அவளிடம் எப்படிப் போனது?

கட்டிங் மேஜையைப் பார்த்தேன். ஞானம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்த டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அந்தச் சட்டம் நான் போட்டது. நானே எடுக்கிறேன். குத்தினால், வெட்டினால், முதலில் விரலைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கிறவள் துணியைப் பார்க்கட்டும், அவளும் விரலைப் பார்த்த பிறகு. கறை போகாவிட்டால் ஒரு இலையை வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.

இரண்டு நாள் முன்பு சாப்பாட்டு நேரத்தில் ஞானத்திடம் போனேன். எல்லாரும் வெளியே இருந்தீர்கள். அவள் ஒரு பாவாடை விளிம்பை வெட்டிக்கொண்டிருந்தாள். அதே கத்தரி. இரண்டு முறை சாணை பிடித்தாகிவிட்டது.

"லாத்தா எழுதச் சொன்னாங்க. எழுதுறேன்" என்றேன்.

"எழுது. கத்தரி வாங்கச் சொல்லி எழுது."

"எழுதுறேன்."

"அகல மூக்குன்னு தெளிவா எழுது. இல்லன்னா கொக்கை வாங்கிட்டு வருவாளுவ."

"ம்."

அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள். நான் நின்றேன்.

"மீன் இல்லைன்னும் எழுதப் போறேன்" என்றேன்.

கத்தரி நின்றது. வெளியே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். ஞானம் நிமிரவில்லை. பாவாடையை மெதுவாக மடியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். இடது கையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அந்த விரலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

இத்தனை வருடத்தில் அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு அந்த விரலைப் பார்ப்பதை நான் கண்டது அன்றுதான்.